எத்தியோப்பியாவுக்குத் தொண்டுப் பணிக்குப் போகும் ஒரு நர்ஸுக்கு

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "நான் நர்ஸ். எத்தியோப்பியாவில் பஹிர் தார் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஓராண்டு வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். வேலை என்னவென்று விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அங்கே தினசரி வாழ்க்கை எப்படி, மனிதர்கள் எப்படி, எதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்."

நான் அதே பஹிர் தாரில் 2013 செப்டம்பர் முதல் 2015 செப்டம்பர் வரை இரண்டு வருஷம் இருந்தேன். தானா ஏரிக்கரை ஊர். சுற்றுவட்டாரக் கிராமங்களில் கைப்பம்பு போடுவதும், அதைப் பார்த்துக்கொள்ளும் தண்ணீர்க் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலை. ஆஸ்பத்திரிக்குள் நான் பார்த்தது குறைவு. வீடு, தெரு, கோயில், சாவு, திருவிழா என்று வெளியே பார்த்தது நிறைய. அதைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். நான் இருந்த காலம் அமைதியான காலம். 2020 நவம்பரில் வடக்கே திக்ராய் பகுதியில் போர் தொடங்கி 2022 நவம்பரில்தான் ஒப்பந்தம் ஆனது. 2023இல் நீங்கள் போகிற அம்ஹாரா பகுதியிலேயே சண்டை மூண்டு, அந்த ஆகஸ்ட்டில் அவசரநிலை அறிவித்தார்கள். ஆகவே எந்த ஊரில் தங்கவைப்பார்கள், வெளியூர் போக யார் அனுமதி தருவார்கள், ஆபத்து என்றால் எப்படி வெளியேற்றுவார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள். நல்ல நிறுவனம் இதற்கு உடனே பதில் வைத்திருக்கும்.

சரி, வாழ்க்கைக்கு வருவோம். முதல் வாரமே உங்களைக் குழப்பப்போவது கடிகாரம். அங்கே பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுகிறார்கள். நம் காலை 6 மணி அவர்களுக்கு 12. நம் 7 மணி அவர்களுக்கு 1. நம் முன்னோர்கள் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய மாதிரிதான், யோசித்துப் பார்த்தால் இயல்பான கணக்கு. ஆனால் எனக்கு அது தெரிவதற்கு முன்பே ஒரு கிராமக் கூட்டத்துக்கு 3 மணிக்கு வரச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு 3 மணிக்குப் போய் நின்றேன். அவர்கள் சொன்னது காலை 9 மணி. வயல் வேலையை விட்டுவிட்டு வந்த நாற்பது பேர் வெயிலில் காத்திருந்து கலைந்து போயிருந்தார்கள். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டபோது ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நீங்கள் நர்ஸ் என்பதால் இது உங்களுக்கு இன்னும் முக்கியம். 2 மணிக்கு மாத்திரை போடுங்கள் என்று சொன்னால் காலை 8 மணிக்குப் போட்டுவிடுவார்கள். "ஹபேஷா மணியா, ஃபெரெஞ்ச் மணியா" என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள், அங்கேயும் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள். ஹபேஷா என்றால் அவர்கள், ஃபெரெஞ்ச் என்றால் வெளிநாட்டார். அதைவிட நல்லது, பொழுது விடிந்ததும், மதியம், படுக்கப்போகும்போது என்று சொல்வது.

காலண்டரும் வேறு. 30 நாள் கொண்ட 12 மாதம், கடைசியில் 5 அல்லது 6 நாள் மட்டுமே உள்ள 13ஆவது மாதம் ஒன்று, பெயர் பாகுமே. வருஷக் கணக்கும் நம்மைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் இருக்கும். 2013 செப்டம்பரில் நான் இறங்கியபோது அங்கே புத்தாண்டு பிறந்து 2006 ஆகியிருந்தது. புத்தாண்டு செப்டம்பர் 11, சில வருஷம் 12. மழை ஓய்ந்து மலைச்சரிவெல்லாம் மஞ்சள் பூ பூத்துக் கிடக்கும், சின்னப் பெண்கள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருவார்கள். நீங்கள் அந்தச் சமயம் போய்ச் சேர்ந்தால் பாக்கியம். மருந்து டப்பாவில் காலாவதித் தேதி நம் ஆண்டில் அச்சாகியிருக்கும். அதைத் தன் காலண்டரில் படிக்கிற பாட்டிக்கு அது இன்னும் ஏழெட்டு வருஷம் தள்ளி இருக்கிற தேதி. வாயால் சொல்லிக்கொடுங்கள்.

இதோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. மாதத்துக்குள் புனிதர்களின் நாட்கள் இருக்கின்றன. அம்ஹாராவில் பெரும்பாலானவர்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி மிக்காயேல், 19 காப்ரியேல், 21 மரியாம், 23 ஜியோர்ஜிஸ், 27 மெதானே ஆலெம், அதாவது உலக இரட்சகரான இயேசு. இவை தவிர அந்தந்த ஊர்க் கோயிலின் நாட்கள். அன்று ஏர் பூட்டமாட்டார்கள், மண்வெட்டி பிடிக்கமாட்டார்கள். தலைநகரில் உட்கார்ந்து எங்கள் ஆட்கள் எக்செலில் போட்ட திட்டத்தில் கிணறு தோண்டும் நாட்கள் பல, சரியாக மண் தொடக்கூடாத நாட்களில் விழுந்திருந்தன. அறிக்கையில் "மக்கள் ஒத்துழைப்புக் குறைவு" என்று எழுதினார்கள். எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் ஒரு கிராமத்துப் பாதிரியார்தான் சொன்னார்: "தோண்டுகிற வேலையை மற்ற நாளில் வையுங்கள். இந்த நாட்களில் கூட்டம் வையுங்கள். பூசை முடிந்து ஊர் முழுக்க இங்கே மரத்தடியில்தான் இருக்கும்." அதற்குப் பிறகு எங்கள் கூட்டங்களுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. தடுப்பூசி, தாய்மார்கள் வகுப்பு என்று உங்களுக்கும் கிராமத்து வேலை இருக்கும். முதல் நாளே அந்த ஊர்க் கோயில் எந்தப் புனிதருடையது என்று கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது காபி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் வேலையில் பாதி அங்கேதான் நடந்தது.

அவர்கள் காபியைப் புன்னா என்கிறார்கள். காபிச் செடியின் பூர்வீகமே அந்த நாடு. நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவை எத்தியே என்று கூப்பிடுவேன், நாம் வயதில் மூத்த பெண்ணை அக்கா என்பதுபோல. மூத்த ஆண் என்றால் காஷே. எத்தியே காபி போடுவதை முதலில் பார்த்தபோது, தொடங்கி முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. தரையில் பச்சைக் கோரைப்புல்லைப் பரப்பினார். சிறிய முக்காலியில் உட்கார்ந்து பச்சைக் காபிக்கொட்டையைக் கழுவி, கரி அடுப்பில் தட்டையான இரும்புச் சட்டியை வைத்து, வளைந்த கம்பியால் புரட்டிப் புரட்டி வறுத்தார். கொட்டை வெடித்து எண்ணெய் விட்டுப் பளபளத்ததும் சட்டியோடு எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்றார். அந்தப் புகையைக் கையால் முகத்துக்கு இழுத்துக்கொள்ள வேண்டும், நாம் தீபாராதனைத் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி. அப்புறம் மர உரலில் இடித்து, ஜெபெனா என்கிற கழுத்து நீண்ட மண் கூஜாவில் கொதிக்கவைத்து, ஒரு பக்கம் சாம்பிராணி புகைய, பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் ஒரே நீளத் தாரையாக ஊற்றினார். கூடவே சோளப்பொரி, அல்லது வறுத்த வாற்கோதுமை.

ஒரே தூளில் மூன்று முறை தண்ணீர் விட்டு மூன்று சுற்று. முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெக்கா. பெரெக்கா என்றால் ஆசீர்வாதம். முதல் சுற்றோடு எழுந்து போவது மரியாதை இல்லை. வேலை இருக்கிறது என்று நான் இரண்டு தடவை அப்படி எழுந்து போயிருக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள்.

அந்தச் சொல்லாமை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே பேசும் அம்ஹாரிக் மொழியில் இல்லுஞ்ஞ்தா என்று ஒரு சொல் உண்டு. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம், எதிரில் இருப்பவர் மனம் நோகக்கூடாது என்ற தயக்கம், இரண்டும் சேர்ந்தது. விருந்தாளி சொன்னால் மறுத்துப் பேசமாட்டார்கள். "இஷி" என்பார்கள், சரி என்று அர்த்தம். அந்த இஷி சம்மதமாகவும் இருக்கலாம், "நீங்கள் சொன்னது காதில் விழுந்தது" என்பதாகவும் இருக்கலாம்.

ஒரு கிராமத்தில் நாங்கள் பம்பு போட்டு மூன்று மாதம் ஆகியும் பெண்கள் பலர் பழைய ஓடைக்கே போய்க்கொண்டிருந்தார்கள். மஞ்சள் ஜெரிகேனை முதுகில் கயிற்றால் கட்டிக்கொண்டு, இருபது லிட்டர் தண்ணீரோடு, மேட்டில் ஏறி வருவார்கள். குழுக் கூட்டத்தில் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது, நன்றி, கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்றார்கள். ஒருநாள் அந்த ஊரில் ஒரு வீட்டில் காபிக்கு உட்காரச் சொன்னார்கள். எங்கள் அலுவலகத்துப் பெண் ஊழியர் ஒருவரும் கூட இருந்தார். முதல் சுற்றில் மழையைப் பற்றிப் பேசினோம். இரண்டாவதில் யார் மகளுக்குக் கல்யாணம் என்று பேச்சுப் போனது. மூன்றாவது சுற்றில், கோப்பையைப் பார்த்துக்கொண்டே ஒரு பெண் சொன்னார்: பம்புக்கு வேலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறீர்கள், காவலாள் திறப்பது காலை 1 மணியிலிருந்து 3 மணி வரை (நம் கணக்கில் 7 முதல் 9). அது அடுப்படி வேலை நேரம். சாயங்காலம் மாடு வந்தபின் தண்ணீர் வேண்டும், அப்போது பூட்டியிருக்கிறது. திறக்கும் நேரத்தை முடிவு செய்த குழுவில் பேசியது முழுக்க ஆண்கள். அடுத்த வாரம் நேரத்தை மாற்றினோம். சாயங்காலமும் திறந்தோம். அதற்குமேல் ஒரு காசு செலவில்லை.

மூன்றாவது கோப்பை வரை உட்கார்ந்திருங்கள். உங்கள் நோயாளிகள் ஏன் மறுபடி வரவில்லை என்பதற்கான பதில் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

மொழியைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம். தமிழ் தெரிந்தவருக்கு அம்ஹாரிக் வாக்கியம் பழகிய பாதை மாதிரி இருக்கும், வினைச்சொல் கடைசியில்தான் வரும். எழுத்தும் அப்படி. ஃபிதெல் என்கிற அவர்கள் எழுத்தில் 33 அடிப்படை எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் உயிர் ஏறி 7 வடிவம், மொத்தம் 231. 216 உயிர்மெய் எழுதிப் பழகிய கைக்கு இது பெரிய மலை இல்லை. நான் மூன்று மாதத்தில் கடைப் பலகை படித்தேன். நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு, ஆணை நீ என்பதற்கும் பெண்ணை நீ என்பதற்கும் வேறு வேறு சொல். முதியவர்களுக்கு மரியாதைச் சொல்லை முதல் நாளிலிருந்தே பழகுங்கள்.

வணக்கம் சொல்வது அங்கே நீளமான காரியம். காலையில் பார்த்தால் "ராத்திரி எப்படிக் கழிந்தது", பகலில் பார்த்தால் "பொழுது எப்படிப் போனது", அப்புறம் வீடு, பிள்ளைகள், உடம்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் "எக்ஸியாபெர் யிமெஸ்கென்", கடவுளுக்கு நன்றி என்று பதில் சொல்லி, அதன் பிறகுதான் விஷயம். உங்கள் நோயாளி வயிற்றுவலியோடு வந்தாலும் முதலில் கடவுளுக்கு நன்றி என்றுதான் சொல்வார். அதை நலம் என்று எழுதிவிடாதீர்கள். இன்னொன்று, ஆமாம் என்பதைச் சட்டென்று மூச்சை உள்ளே இழுத்துச் சொல்வார்கள். முதலில் கேட்கும்போது ஏதோ வலியில் திணறுகிறார் என்று தோன்றும். பயப்பட வேண்டாம்.

நீங்கள் அங்கே அதிகம் சொல்லப்போகிற சொல் "அய்ஸோஷ்". ஆணுக்கு அய்ஸோ. தைரியமாக இரு, நான் இருக்கிறேன், ஒன்றும் ஆகாது, எல்லாம் சேர்ந்தது. குழந்தை தடுக்கி விழுந்தாலும் சொல்வார்கள், பிரசவ வலியில் துடிப்பவளிடமும் சொல்வார்கள். இந்த ஒரு சொல்லை நல்ல உச்சரிப்பில் கற்றுக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

பெயர்ப் பதிவேட்டில் நமக்குக் குழப்பம் வராது. அங்கே குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அடுத்து அப்பா பெயர், வேண்டுமென்றால் தாத்தா பெயர். கல்யாணமானாலும் பெண் பெயர் மாறாது. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடி ஜெயித்த அபெபே பிகிலா, அபெபேதான், பிகிலா அவர் அப்பா. நம் இனிஷியல் மாதிரி என்று சொன்னபோது என் சக ஊழியர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவர் எல்லாரையும் அப்பா பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர்களுக்கு அர்த்தமும் உண்டு. காஸ்ஸா என்றால் ஈடு, மித்திக்கு என்றால் மாற்றாக வந்தவன். ஒரு பிள்ளையை இழந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு இப்படி வைப்பது உண்டு. தாய்மார்களிடம் முந்தைய பிரசவங்களைப் பற்றிக் கேட்கும்போது இந்தப் பெயர்கள் காதில் விழுந்தால் கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள்.

சாப்பாடு சுருக்கமாக. டெஃப் என்ற கடுகைவிடச் சிறிய தானியத்தை அரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்துச் சுடும் பெரிய புளிப்பு ரொட்டி இஞ்ஜெரா. மேலே ஆப்பம் மாதிரி கண் கண்ணாக இருக்கும். ஒரே தட்டில் எல்லாரும் வலது கையால் பிய்த்துச் சாப்பிடுவார்கள். கையால் சாப்பிடுகிற நமக்கு அங்கே உடனே ஓர் இடம் கிடைத்துவிடும். விருந்தில் ஒரு கவளத்தைச் சுருட்டி உங்கள் வாயிலேயே ஊட்டுவார்கள், அதற்கு குர்ஷா என்று பெயர். மறுக்காதீர்கள். போதும் என்றால் "பெமோத்தே" என்பார்கள், என் சாவின் மேல் ஆணை என்று அர்த்தம். நம் வீட்டுப் பாட்டிகள் சொல்கிற அதே அன்பு.

சைவமாக இருந்தால் கவலை இல்லை. புதன், வெள்ளி இரண்டு நாளும் விரதம், ஈஸ்டருக்கு முன் 55 நாள் விரதம், இன்னும் பல. இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. கடையில் "யெத்சோம்" என்று கேட்டால் பருப்பு, கடலைமாவுக் குழம்பு, கீரை, பீட்ரூட் எல்லாம் வைத்துத் தருவார்கள். கஷ்டம் ஈஸ்டர் முடிந்த 50 நாட்களில்தான். அப்போது புதன், வெள்ளி விரதமும் கிடையாது, கடைகளில் எங்கு பார்த்தாலும் இறைச்சி. அந்த ஏழு வாரத்துக்கு வீட்டில் சமைக்கத் தயாராக இருங்கள். ஒரு பிரஷர் குக்கர் எடுத்துப்போங்கள், பஹிர் தார் 1,800 மீட்டர் உயரம், பருப்பு மெதுவாக வேகும்.

விரதத்தை நர்ஸாக நீங்கள் இன்னொரு விதத்தில் பார்க்க வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும் கோயிலே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் நிறையப் பேர் அந்த விலக்கை எடுத்துக்கொள்ளமாட்டார்கள், மதியம் தாண்டும் வரை மாத்திரையும் தண்ணீரும்கூடத் தொடமாட்டார்கள். புனித நீர் ஊற்றுக்குப் போய் மருந்தை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இதில் நீங்கள் வாதாட வேண்டாம். அவர்களுடைய பாதிரியாரிடம் போங்கள். எச்ஐவி மருந்தைப் பலர் கைவிட்ட காலத்தில், திருச்சபையின் தலைவராக இருந்த அபுன பவுலோஸே புனித நீரையும் மருந்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தை செய்ததை நம் துண்டறிக்கை செய்யாது.

அங்கே எல்லாமே அழகு என்று நான் சொல்லவில்லை. எத்தியே வீட்டு ஜெபெனாவைச் செய்தவர் ஊருக்கு வெளியே இருந்த குயவர் குடும்பத்துப் பெண். குயவர், கொல்லர் எல்லாம் கண் வைத்துவிடுகிற 'புதா'க்கள் என்று காலங்காலமாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவர் செய்த கூஜாவில் காபி குடிப்பார்கள், அவரோடு உட்கார்ந்து குடிக்கமாட்டார்கள். நம் ஊரிலிருந்து போகிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பம்பு இடத்தை முடிவு செய்தபோது அந்த வீடுகளிலிருந்து எவ்வளவு தூரம் என்று நான் அளந்து பார்க்கவில்லை. ஒரு வருஷம் கழித்துத்தான் அளந்தேன். உங்கள் மருத்துவ முகாம் எந்த இடத்தில் நடக்கிறது, யார் அங்கே வரத் தயங்குவார்கள் என்று முதலிலேயே பாருங்கள்.

போட்டோ எடுப்பதிலும் கவனம். 1984–85 பஞ்சத்தின் படங்கள் உலகமெல்லாம் போயின. எலும்பும் தோலுமான குழந்தை என்றால் எத்தியோப்பியா என்று ஆகிவிட்டது அவர்களுக்கு ஆறாத காயம். 1896இல் அத்வாவில் இத்தாலியப் படையைத் தோற்கடித்த நாடு, நடுவில் 1936 முதல் 1941 வரை இத்தாலி ஆக்கிரமித்திருந்ததைத் தவிர யாருக்கும் அடங்கியதில்லை. அந்தப் பெருமையோடுதான் கிழிந்த காலணி போட்ட விவசாயியும் உங்கள் முன்னால் நிற்பார். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்குத் தெருவில் காசோ மிட்டாயோ கொடுக்காதீர்கள், பெற்றோருக்கு அது அவமானம்.

இந்தியர் என்றால் தனி மரியாதை உண்டு. பேரரசர் ஹெய்லி செலாசி காலத்திலிருந்தே இந்திய ஆசிரியர்கள் அங்கே பள்ளிகளில் வேலை பார்த்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் "எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது ஓர் இந்திய வாத்தியார்" என்று கையைப் பிடித்துக்கொண்ட முதியவர்கள் நிறையப் பேர். ஆட்டோவுக்கு அங்கே பெயரே பஜாஜ்தான். பஹிர் தார் முழுக்க நீல பஜாஜ்கள் ஓடும், ஏறும் முன் பேரம் பேசிக்கொள்ளுங்கள்.

பிரசவம், பெண்கள் நலம் பக்கம் உங்களுக்கு வேலை என்றால் ஹாம்லின் ஆஸ்பத்திரியைப் போய்ப் பாருங்கள். கேத்தரின் ஹாம்லினும் கணவர் ரெஜினால்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து 1959இல் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்தவர்கள். பிரசவம் நீண்டு சிக்கலாகி, சிறுநீர் கட்டுப்பாடின்றி ஒழுகி, வீட்டை விட்டே ஒதுக்கப்பட்ட பெண்களுக்காக 1974இல் அடிஸ் அபாபாவில் தனி ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். கேத்தரின் 2020இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். அவர்களிடம் நோயாளியாக வந்த மமிது என்ற கிராமத்துப் பெண் பள்ளிக்கூடம் போகாமலே அந்த அறுவை சிகிச்சையைக் கற்று, டாக்டர்களுக்கே சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்தார். பஹிர் தாரிலும் அவர்கள் மையம் உண்டு.

கடைசியாக இத்திர். தொண்டு வேலைக்குப் போகிற எல்லாரும் இதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும். நாம் போய்ச் சேருவதற்கு முன்பே அந்த மக்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள வைத்திருக்கும் ஏற்பாடு அது. தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். மாதம் ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். ஒரு வீட்டில் சாவு என்றால் கூடாரம், பெஞ்ச், அண்டா, தட்டு எல்லாம் இத்திரினுடையது, வந்து போட்டுவிடுவார்கள். விடியற்காலையில் ஒருவர் ஊதுகுழல் ஊதிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் யார் இறந்தார் என்று சொல்வார். உறுப்பினர்கள் வந்தே ஆகவேண்டும், வராவிட்டால் அபராதம். நம் சீட்டு மாதிரி எகுப் என்று ஒன்றும் உண்டு, அது பணத்துக்கு. இத்திர் ஆளுக்கு.

எத்தியே என்னை முதல் மாதமே இத்திரில் சேர்க்கச் சொன்னார். மாதம் 20 பிர், பிர் என்பது அவர்கள் நாணயம். நான் மனிதர்களோடு பழக ஒரு வழி என்று நினைத்துச் சேர்ந்தேன். சாவு வீடுகளில் பெஞ்ச் தூக்கினேன், வரிசையில் உட்கார்ந்தேன்.

2014 டிசம்பரில் ஊரில் என் அப்பா இறந்துபோனார். ராத்திரி அண்ணன் அலுவலகத்துக்குத்தான் போன் செய்திருக்கிறான். அவர்கள் எனக்கு உடனே சொல்லவில்லை. சாவுச் செய்தியை ராத்திரியில், தனியாக இருப்பவரிடம் சொல்லமாட்டார்கள். மெர்தோ என்று அதற்கு ஒரு முறை இருக்கிறது. விடியும் முன் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். வாசலில் எத்தியே, எதிர்வீட்டுக் காஷே, என் கூட வேலை செய்பவர்கள், இத்திர்ப் பெரியவர்கள், இருபது பேருக்கு மேல், எல்லாரும் வெள்ளை நெட்டெலா போர்த்திக்கொண்டு நின்றிருந்தார்கள். யாரும் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. எத்தியே என்னைப் பிடித்துக்கொண்டார்.

எப்படிக் கிளம்பினாலும் இறுதிச் சடங்குக்குப் போய்ச் சேர முடியாது. கொள்ளி அண்ணன் வைத்தான். பஹிர் தாரில் அவர்கள் கணக்கில் காலை 2 மணிக்கெல்லாம், நம் 8 மணிக்கு, எத்தியே வீட்டு முற்றத்தில் இத்திரின் கூடாரம் ஏறிவிட்டது. மூன்று நாள். அப்பாவின் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள் முறை வைத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "எக்ஸியாபெர் யாத்ஸ்னா", கடவுள் உனக்குத் தெம்பு கொடுக்கட்டும் என்றார்கள், அதற்குமேல் பேச்சில்லை. வேகவைத்த கோதுமையும் கடலையும் கொண்டுவந்தார்கள், அது அவர்கள் துக்க வீட்டுச் சாப்பாடு. பம்பு நேரத்தைப் பற்றிச் சொன்ன அந்தப் பெண், கிராமத்திலிருந்து மூன்று மணி நேரம் நடந்து வந்திருந்தார். அப்பா பெயரைக் கேட்டார். சொன்னேன். "அப்படியானால் உன் இரண்டாவது பெயர் அதுதான்" என்று சொல்லி, அன்றிலிருந்து இரண்டு பெயரையும் சேர்த்தே கூப்பிட்டார்.

போன முதல் மாதமே இத்திரில் சேருங்கள். வெளியூர்க்காரர்களைச் சேர்ப்பார்களா என்று தயங்க வேண்டாம், வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னால் கணக்கு எழுதுகிறவரிடம் அவரே கூட்டிப்போவார். சேரும்போது உங்கள் அப்பா அம்மா பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள்.